சத்ரியாவின் பின்சக்கரங்களுக்கும் வேலை கொடுத்த கதை

மலேசியாவின் செபாங் பந்தயத்தடத்தில் டிராக் ஓட்டம் (நின்ற இடத்திலிருந்து நேராக 402 மீட்டர் பாயும் பந்தயம்) முடிந்து திரும்பும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். பெரும்பாலானோர் அதன் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள்: 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தோம், எந்த வேகத்தில் கோட்டைத் தாண்டினோம் என்பது அதில் இருக்கும். என் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. முதல் 60 அடிக்கு 2.31 விநாடி. மொத்த நேரம் 13.42. கடைசி வேகம் மணிக்கு 177 கிலோமீட்டர்.

177 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டும் ஆயிரம் கிலோ கார் 13.4 விநாடி எடுத்துக்கொள்வது வெட்கக்கேடு. என்ஜினில் குறையில்லை என்பதற்கு அந்த வேகமே சாட்சி. தொலைந்த நேரமெல்லாம் புறப்பட்ட இடத்திலேயே, டயர் புகையாகப் போயிருந்தது. பின்னால் நின்று படம் எடுத்த என் மைத்துனன், "புகை அருமையாக வந்திருக்கிறது மாமா" என்றான். அன்று அவனுக்குச் சாப்பாடு வாங்கித் தரவில்லை.

கார் 1997-ஆம் ஆண்டு புரோட்டோன் சத்ரியா, மலேசியத் தயாரிப்பு, மூன்று கதவு. உள்ளே மிட்சுபிஷியின் 4ஜி93 டர்போ என்ஜின், கொஞ்சம் பெரிய டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி), முன்சக்கர இயக்க கியர்பாக்ஸ். பின்னிருக்கை, கம்பளம், ஏர்கண்டிஷன் எல்லாம் கழற்றி, பாதுகாப்புக் கூண்டு பொருத்தி எடை போட்டபோது 1,010 கிலோ. அதில் 61 விழுக்காடு முன்சக்கரங்களின் மேல். நிற்கும்போது அது நல்ல செய்திதான். புறப்படும்போது என்ன ஆகிறது என்று ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சத்ரியாவின் சக்கர இடைவெளி 2,440 மில்லிமீட்டர். காரின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு கார் பாய்ந்தால், ஆயிரம் கிலோவில் நூறு கிலோ முன்னாலிருந்து பின்னால் சாய்கிறது. முன்சக்கரத்தில் இருந்த 610 கிலோ 510 ஆகிவிடுகிறது. சாதாரண நல்ல டயர் தன்மேல் இருக்கும் எடை அளவுக்குத்தான் இழுக்கும். ஆக அந்தப் பாதியே உச்சவரம்பு. அதற்கு மேல் எவ்வளவு குதிரைத்திறன் சேர்த்தாலும் ரப்பர்தான் எரியும். பந்தய ஸ்லிக் டயர் போட்டால் 0.7 வரை போகலாம். அதே சாதாரண டயரோடு நான்கு சக்கரமும் இழுத்தால், சாய்கிற எடை எங்கே போனாலும் அங்கே ஓர் இழுக்கும் சக்கரம் இருக்கிறது. கணக்கு 1-ஐத் தொடுகிறது. இரட்டிப்பு. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

சத்ரியாவைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு வசதி இருந்தது. சத்ரியா, அதே நிறுவனத்தின் வீரா என்று பெயர்கள் நம் காதுக்கு உறவாக ஒலித்தாலும் இரண்டின் எலும்பும் மிட்சுபிஷியுடையது. 1992 அக்டோபரில் மிட்சுபிஷியின் நான்கு சக்கர இயக்கக் காரான முதல் லான்சர் எவல்யூஷன் வந்தபோது அது எந்த அடித்தளத்தின் மேல் நின்றதோ, அதன் குட்டைத் தம்பிதான் 1994-இல் வந்த சத்ரியா. நம் ஊர் கரம்ஜித் சிங் 2002-இல் உலக ராலியின் உற்பத்திக் கார் பிரிவில் பட்டம் வென்றபோது ஓட்டிய 'புரோட்டோன் பெர்ட்'டும் எவல்யூஷனின் மறுபெயர்தான். அதனால் நான்கு சக்கர இயக்கத்தை நான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதே என்ஜினோடு ஜப்பானில் விற்ற லான்சர் ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரத்தையும் இழுத்தது. அதன் வயிற்றை எடுத்து இதற்கு வைத்தால் போதும்.

'போதும்' என்ற சொல்லை எழுதும்போது இப்போது சிரிப்பு வருகிறது. ஏழு மாதம் ஆனது.

கிள்ளான் பக்கம், பழைய ஜப்பானியக் கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடைகளில் ஜிஎஸ்ஆரின் முன்பாதி கிடைப்பது எளிது. என்ஜினுக்காக எல்லோரும் கேட்பது அதைத்தான். எனக்குப் பின்பாதி வேண்டும், அதுவும் தளத்தோடு. மூன்றாவது கடையின் தவுக்கே (முதலாளி) என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் யார் வாங்குவது தம்பி? தகடாகத்தான் விற்கிறேன்" என்றார். விலை குறைந்தது அந்தக் கேள்வியால்தான். ஆனால் வழக்கம்போல கேஸ் டார்ச்சால் வெட்டித் தர வந்தார்கள். நான் குறுக்கே நின்று, முன்னிருக்கைக்குப் பின்னால் ஓர் அடி கூடுதலாக விட்டு ரம்பத்தால் வெட்டச் சொன்னேன். டார்ச் தகட்டை நெளித்துவிடும்; நெளிந்த தகட்டில் எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. யாராவது இந்த வேலையில் இறங்கினால் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் வந்து இறங்கியவை: விசையைப் பின்னாலும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸோடு சேர்ந்த கியர்பாக்ஸ், அந்த விசையைப் பின்னால் கொண்டுபோக மூன்று துண்டாக நீளும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை இரண்டு பின்சக்கரத்துக்கும் பங்கிடும் பின் டிஃபரன்ஷியல், அதைத் தாங்கும் சட்டம், பின்கைகள், அச்சுகள், இவை எல்லாம் தொங்கும் தளத் தகடு. முன் குறுக்குச் சட்டத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஷாஃப்ட் போக வழி வேண்டும் என்பதால்.

வெட்டுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். என் அப்பா கொத்தனார். அவருடைய பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று இன்னும் என் கருவிப்பெட்டியில் கிடக்கிறது. முனை கொஞ்சம் மழுங்கி, நூல் மட்டும் மூன்று முறை மாறியது. காரை நான்கு தாங்கிகளில் மட்டமாக நிறுத்தி, அடிச்சட்டத்தில் இருக்கும் தொழிற்சாலைத் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு புள்ளி. பிறகு காரை நகர்த்தி, புள்ளிகளுக்குக் குறுக்கே சுண்ணாம்பு நூல் அடித்துப் பார்த்தால் முழுக் காரின் நிழல் தரையில் வரைபடமாக விழும். சரியான காரில் இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருக்கும். என்னுடையதில் 9 மில்லிமீட்டர் வித்தியாசம்.

மறுபடி அளந்தேன். 9-தான். வலப்பக்கப் பின் சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டியபோது கீழே விரல் தடிமனுக்குப் பட்டி பூசியிருந்தது. எனக்கு விற்றவர் 'அடிபடாத கார்' என்று சத்தியம் செய்திருந்தார். பாடி பட்டறையில் அரை நாள் சங்கிலி போட்டு இழுத்து நேராக்கிய பிறகு 2 மில்லிமீட்டருக்கு வந்தது. அளக்காமல் வெட்டியிருந்தால் அந்தக் கோணலின் மேலேயே பின் அச்சைப் பற்றவைத்திருப்பேன். கார் காலமெல்லாம் நண்டு மாதிரி ஓடியிருக்கும்.

அடுத்து இந்த வேலையின் உண்மையான முடிச்சு. ஜிஎஸ்ஆர் நான்கு கதவுக் கார். அதன் சக்கர இடைவெளி 2,500. சத்ரியா 2,440. இந்த 60 மில்லிமீட்டரை எங்காவது தொலைத்தாக வேண்டும். சக்கரம் சத்ரியாவின் வளைவுக்கு நடுவில்தான் நிற்க முடியும்; ஆகவே ஜிஎஸ்ஆரின் தளத்தை முன்னோக்கி நகர்த்தி, இரண்டு தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மிச்சத்தை வெட்ட வேண்டும்.

இது தெரிந்திருந்தும் நான் தவறு செய்தேன். கதவு ஓட்டைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து உடம்பு விரியாமல் கட்டிய பிறகு, பழைய தளத்தின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை 8 மில்லிமீட்டர் வெட்டியால் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தோம். நூற்றுக்கும் மேல். அதில் இரண்டு சனி, ஞாயிறு போனது. களைப்பில், புதிய தளத்தை வைக்கும்போது பின்னிருக்கைப் படியையும் பழைய காரின் படியையும் கண்ணால் ஒத்துவைத்தேன். அழகாகப் பொருந்தியது. இரண்டு தகடும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்ததுபோல உட்கார்ந்தது. பற்றவைக்க வந்த அண்ணன் நான்கைந்து புள்ளி வைத்தார். சக்கரத்தை மாட்டிப் பார்த்தால் வளைவின் நடுவில் நிற்காமல் இரண்டு விரல் பின்னால் நின்றது.

"தம்பி, படி எதற்கு? சக்கரத்தைப் பார்த்து வை" என்றார் அண்ணன். கிரைண்டரை எடுத்து அவரே வைத்த புள்ளிகளை அவரே அறுத்தார். கூலியில் அதைச் சேர்க்கவில்லை, ஆனால் அதன்பிறகு நான் எதையாவது பொருத்தும்போதெல்லாம் "படியா, சக்கரமா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் முறை குண்டையும் சுண்ணாம்புக் கோட்டையும் மட்டுமே நம்பினோம். பின் அச்சுக்கோடு முன் அச்சுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 2,441, வலப்பக்கம் 2,440. பற்றவைப்பை ஒரே இழுப்பாக ஓட்டவில்லை. இங்கே ஓர் அங்குலம், எதிர்மூலையில் ஓர் அங்குலம், ஆறவிட்டு மறுபடி. தளத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இராது. சூடு ஏறினால் அப்பளம்போலப் பொரிந்து எழும். டிஃபரன்ஷியல் தொங்கும் இடங்களில் மட்டும் 3 மில்லிமீட்டர் தகடு வெட்டி, சட்டத்தை மூன்று பக்கமும் அணைத்துப் பற்றவைத்தோம். புறப்படும் நொடியில் டிஃபரன்ஷியல் திமிறும் முறுக்கு அந்த இடத்தில்தான் இறங்குகிறது. சும்மா தகட்டில் போல்ட் போட்டால் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

பெட்ரோல் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய தட்டைத் தொட்டி ஷாஃப்டின் பாதையில் குறுக்கே நின்றது. 402 மீட்டர் ஓட எனக்கு அவ்வளவு பெரிய தொட்டி எதற்கு? பின்னால் 20 லிட்டர் பந்தயத் தொட்டி ஒன்று வைத்து, எனக்கும் அதற்கும் நடுவே அலுமினியத் தடுப்பு அடித்துவிட்டேன்.

ஷாஃப்ட் வேறு கதை. 60 மில்லிமீட்டர் குறைக்க லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். குழாயை அறுத்து, குறைத்து, மீண்டும் முனையைச் சொருகிப் பற்றவைப்பது பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு நிபந்தனை: குழாயின் இரு முனையிலும் மூட்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். யுனிவர்சல் மூட்டு வளைந்து சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையில் கூடுவதை மறுமுனை குறைத்து ஈடுகட்டுகிறது. கவைகள் ஒரே தளத்தில் இல்லாமல் திரும்பி நின்றால் முழுதாக ஈடுகட்டாமல் அதிர்வு மிஞ்சிவிடும். அறுப்பதற்கு முன்னால் குழாயின் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டால் தீர்ந்தது. நான் இழுக்கவில்லை. பட்டறைக்காரர் இழுப்பார் என்று நான் நினைத்தேன். நான் இழுத்துக் கொண்டுவருவேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

தாங்கிகளில் நிறுத்தி முதன்முறையாக என்ஜினை முடுக்கி முதல் கியர் போட்டபோது நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. அந்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. பின்சக்கரம் சுற்றுவதைப் பார்க்க என் மனைவியைக்கூட அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். "கார் என்றால் சக்கரம் சுற்றத்தானே வேண்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பந்தயத்தடத்தில் முதல் மெதுவோட்டத்தில் 90 கிலோமீட்டரைத் தொட்டதும் கியர் குச்சி கையில் அடித்தது, கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரிந்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது இந்த ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றுகிறது. 170 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அந்த அதிர்வோடு அங்கே போயிருந்தால் ஷாஃப்ட் காரின் தளத்தைக் கிழித்து உள்ளே வந்திருக்கும். வண்டியைத் திரும்ப லாரியில் ஏற்றினோம். மறுமுறை வெள்ளைக் கோட்டோடு அறுத்து, சமனிடும் இயந்திரத்தில் சுற்றவைத்துத்தான் வாங்கினேன்.

லாரி என்றதும் ஒன்று. இந்தக் கார் சாலையில் ஓடாது. ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் இல்லாமல் இப்படி உடம்பை வெட்டி ஒட்டிய காரைச் சாலையில் இறக்குவது சட்டவிரோதம். எனக்கும் அதில் ஆசையில்லை. ஆனால் இழுத்துப் போகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: முன்சக்கரத்தை மட்டும் தூக்கிப் பின்சக்கரத்தைத் தரையில் உருளவிடக் கூடாது. நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் என்பது சிலிகான் எண்ணெயில் மூழ்கிய மெல்லிய தட்டுகளின் அடுக்கு. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அது சும்மா இருக்கும். வேறுபாடு வந்தால் எண்ணெய் சூடாகி, தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சக்கரம் நின்று இரண்டு சக்கரம் பத்து கிலோமீட்டர் உருண்டால் அது அதோடு சரி.

இதைப் பிறருக்குச் சொன்ன நானே கிட்டத்தட்ட அதே பிழையைச் செய்தேன். முன்னால் பழைய 205/50 அளவு அரைஸ்லிக் டயர், பின்னால் வீட்டில் கிடந்த 195/50. இரண்டும் 15 அங்குலச் சக்கரம்தானே என்று போட்டேன். விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறது. அன்று தடத்துக்கும் பார்க்கிங்குக்கும் வரிசைக்கும் நாளெல்லாம் உருண்டதில், மாலையில் காரைத் திருப்பும்போது யாரோ கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்ததுபோல உறுமி நின்றது. அரை மணி நேரம் ஆறியபின் இளகியது. கப்ளிங் பிழைத்தது என் புண்ணியம் இல்லை. இப்போது நான்கும் ஒரே அளவு, ஒரே பிராண்டு, ஒரே நாளில் வாங்கியது.

எடை 1,105 கிலோ ஆகியிருந்தது. முன்பாரம் 57 விழுக்காட்டுக்கு இறங்கியது. முதல் உண்மையான ஓட்டத்தில் பழைய பழக்கத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருக்கும்போது கிளட்ச்சை விட்டேன். கார் இருமியது. முன்பு டயர் வழுக்கும்போது என்ஜின் சுற்று தானாக ஏறி டர்போ விழித்துக்கொள்ளும். இப்போது வழுக்கலே இல்லை. என்ஜின் மூச்சுத் திணறி 60 அடியை 2.2-இல் நடந்து கடந்தது. ஏழு மாத உழைப்புக்கு வெறும் 0.1 விநாடி! 4,500 வைத்தேன், 1.98. 5,500 வைத்தபோது கிளட்ச் தட்டு எரிந்த வாடை வீடுவரை வந்தது. பித்தளை நிறத்தில் பல்பல்லாக இருக்கும் பந்தயக் கிளட்ச் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துப் போனேன்.

அன்றைய சீட்டு இதோ சுவரில் இருக்கிறது. 60 அடி 1.72. மொத்தம் 12.58. கடைசி வேகம் 171.

பழைய சீட்டோடு ஒட்டி வைத்திருக்கிறேன். கடைசி வேகம் 6 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது; 95 கிலோ கூடுதலாகச் சுமந்து, கூடுதலாக இத்தனை பற்சக்கரங்களைச் சுற்றினால் குறையத்தான் செய்யும். ஆனாலும் 0.84 விநாடி முன்னால் வந்திருக்கிறேன். முதல் 18 மீட்டரில் மிச்சம் பிடித்த 0.59 விநாடி போகப் போக வட்டி போட்டிருக்கிறது.

அடுத்த ஓட்டத்தில் 1.70. அதற்கடுத்த ஓட்டத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றியதும் கல்லை அம்மியில் போட்டு இடித்ததுபோல ஒரு சத்தம். பிறகு கியர் குச்சி எங்கே இருந்தாலும் கார் ஒரே மாதிரி நின்றது.

பட்டறையில் கியர்பாக்ஸின் அடித் திருகைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் வடித்தோம். முதலில் வெள்ளிப்பொடி கலந்த தேன்போல ஒழுகியது. பிறகு 'டிங்' என்று ஒன்று விழுந்தது. துணியில் துடைத்துப் பார்த்தேன்: சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒரு பக்கம் கண்ணாடிபோல மினுங்கியது, உடைந்த பக்கம் சர்க்கரைக் கட்டிபோலப் பொரபொரப்பாக இருந்தது. இரண்டாம் கியரின் பல். அதன்பின் இன்னும் இரண்டு விழுந்தன.

முன்சக்கரக் காரில் எத்தனையோ முறை இதைவிட முரட்டுத்தனமாகக் கிளட்ச்சை விட்டிருக்கிறேன்; கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆனதில்லை. ஏனென்று தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. டயர் வழுக்கியதைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் வீட்டு மின்பலகையில் இருக்கும் ஃப்யூஸ்போல ஒவ்வொரு முறையும் தான் எரிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு நேராகக் கம்பி கட்டியவன் நான்தான். இப்போது அடி விழுந்தால் அடுத்து மெலிந்தது எதுவோ அது போகும். இன்று இரண்டாம் கியர். அதைக் கெட்டிப்படுத்தினால் டிரான்ஸ்பர் கேஸ், அதற்கும் பிறகு பின் அச்சு.

பந்தயத்துக்கென்றே செய்த கியர் தொகுதியின் விலை நான் கார் வாங்கிய விலைக்கு மேல். ஆகவே இப்போதைக்கு வேறு வழி: புறப்படும் சுற்றை 5,000-க்கு இறக்குவது, டயர்க் காற்றை இரண்டு புள்ளி கூட்டி முதல் அரைச் சுற்றில் கொஞ்சம் வழுக்கவிடுவது, டர்போ அழுத்தத்தை இரண்டாம் கியர் விழுந்து முடிந்த பிறகு ஏற்றுவது. 1.72 என்பது 1.8 ஆகலாம். பல் தட்டில் விழாமல் இருந்தால் சரி.

பற்றவைக்கும் அண்ணன் நேற்று வந்து திறந்து கிடக்கும் கியர்பாக்ஸைப் பார்த்துவிட்டு, "படியா, சக்கரமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. தவுக்கேயிடம் இன்னொரு ஜிஎஸ்ஆர் கியர்பாக்ஸ் இருக்கிறதாம், புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஒன்று வாங்கப் போய் இரண்டாக வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.